மறைவில் நிற்கும் தொண்டு: மென்பொருள் ஆக்கக் குறிப்பின் வரலாறு

மர்பி டவுன் எனும் நம் குடியிருப்பின் பெயர், இதனைத் திட்டமிட்டு வரைந்த மர்பி என்னும் பொறியாளரின் பெயராகும். முன்னாளில் இவ்விடத்தை நாக்ஸ்பேட்டை என வழங்கினர். திட்டம் வகுத்தவர் பெயர் ஊரின் பெயராய் நிலைத்தது. ஆனால் இத்தெருக்களில் குழாய் செப்பனிட்டவர் யார்? சாக்கடை துப்புரவு செய்தவர் யார்? மழைக்குப்பின் பெயர்ந்த கல்லை மீண்டும் பதித்தவர் யார்? அவர்தம் பெயரை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. அமைத்தவர் பெயர் நிற்பதும் காத்தவர் பெயர் மறைவதும் உலகத்து இயல்பு போலும்!

இவ்வியல்பு கணிப்பொறி உலகிலும் உண்டு. பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் மென்பொருள் தொழிலோடு தொடர்பில்லாத குடும்பத்தைக் காண்டல் இந்நாளில் அரிது. பிள்ளைகள் காலையில் வேலைக்குச் செல்கின்றனர், இரவில் திரும்புகின்றனர். 'என்ன வேலை?' என்று பாட்டி வினவினால், 'புரோகிராம் எழுதுகிறோம்' என்று ஒரு சொல்லில் விடை கூறுகின்றனர். ஆனால் நிரல் எழுதுதல் வேறு. எழுதிய நிரலை இயங்கும் பொருளாக ஆக்குதல் வேறு. இரண்டாவதாகக் கூறிய அவ்வாக்கத்திற்கு வழிகாட்டும் குறிப்பையே இளைஞர் 'பில்ட் ஸ்கிரிப்ட்' என்பர். இக்கட்டுரையில் அதனை 'ஆக்கக் குறிப்பு' என்போம். அதன் வரலாற்றையும், அதனைப் பேணிக் காப்போர் படும் பாட்டையும், அவற்றில் தமிழுக்குள்ள தொடர்பையும் நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் எடுத்துரைப்பதே இதன் நோக்கம்.

ஆக்கக் குறிப்பு என்பது யாது?

மனிதன் எழுதும் நிரலுக்கு மூல நிரல் என்று பெயர். அது படித்தறியக்கூடிய எழுத்துகளால் ஆனது. கணிப்பொறியோ அதனை நேரே உணராது. 'கம்பைலர்' எனப்படும் தொகுப்பி மூல நிரலைப் பொறி உணரும் வடிவிற்கு மாற்றுகிறது. ஒரு சிறு நிரலாயின் ஒரு கட்டளையோடு வேலை முடியும். பெரிய மென்பொருளோ நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கோப்புகளால் ஆனது. எதை முதலில் தொகுப்பது, எதனோடு எதை இணைப்பது, எந்தப் பொறிக்கு எவ்வாறு ஆக்குவது, ஆக்கியபின் எங்கே வைப்பது என்பவற்றையெல்லாம் ஒழுங்குபட எழுதி வைத்தல் வேண்டும். அவ்வாறு எழுதி வைப்பதே ஆக்கக் குறிப்பு.

பெங்களூர்த் தமிழருள் பலர் 1940ஆம் ஆண்டில் தோன்றிய விமானத் தொழிற்சாலையிலும், 1948ஆம் ஆண்டில் தோன்றிய தொலைபேசித் தொழிற்சாலையிலும் பணியாற்றியவர். அவர்களுக்கு 'ஜாப் கார்டு' என்றால் விளங்கும். வரைபடம் எத்துணைச் சிறந்ததாயினும், எந்த இரும்பை எடுப்பது, எந்தக் கடைசல் பொறியில் ஏற்றுவது, எந்த அளவிற்கு அறுப்பது என்னும் முறை அட்டையில் இல்லையேல் பணிமனையில் உருப்படி உருவாகாது. மென்பொருளில் மூல நிரல் வரைபடம் போன்றது. ஆக்கக் குறிப்பு ஜாப் கார்டு போன்றது.

இனி 'கட்டற்ற மென்பொருள்', 'திறமூல மென்பொருள்' என்பவற்றையும் அறிதல் வேண்டும். மூல நிரலை யாவரும் படிக்கலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமையோடு வெளியிடப்படுவன அவை. இவ்வுரிமை ஏட்டளவில் நில்லாது நடைமுறையில் பயன்பட வேண்டுமாயின், பெற்றவர் தம் கணிப்பொறியில் அதனை ஆக்கிக்கொள்ள இயலவேண்டும். நெல்லைக் கொடுத்துவிட்டு உலையை மறைத்து வைத்தால் பசி தீருமோ? ஆதலின் கட்டற்ற மென்பொருளில் ஆக்கக் குறிப்பு வெறும் துணைக்கருவி அன்று. அவ்வுரிமையைக் கைக்கு எட்டச் செய்யும் வழியே அதுதான்.

1976: ஒரு வார இறுதியில் பிறந்த கருவி

அமெரிக்க நாட்டு நியூ ஜெர்சி மாநிலத்தில் பெல் ஆய்வுக்கூடம் இருந்தது. யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமை பிறந்த இடம் அது. அங்கே பணியாற்றிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பார் 1976ஆம் ஆண்டில் 'மேக்' என்னும் கருவியை உருவாக்கினார். ஃபோர்ட்ரான் 77 மொழிக்கு முதல் தொகுப்பி இயற்றியவரும் அவரே.

'மேக்' பிறந்த கதை சுவையானது. ஸ்டீவ் ஜான்சன் என்னும் உடன் பணியாளர் ஒருநாள் ஃபெல்ட்மனின் அறைக்குள் சினத்தோடு நுழைந்தார். நிரலில் இருந்த பிழையை அவர் முன்னரே திருத்திவிட்டிருந்தார். ஆனால் திருத்திய கோப்பை மறுபடி தொகுக்க மறந்துவிட்டார். பழைய பிழையோடு கூடிய பொருளே இயங்கிக் கொண்டிருக்க, சரியான நிரலில் இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப் பொழுதை வீணாக்கினார். ஃபெல்ட்மனுக்கும் அதற்கு முந்தைய மாலை இதே துன்பம் நேர்ந்திருந்தது. இத்தொல்லையை ஒழிக்க வேண்டும் என்று கருதிய அவர் அவ்வார இறுதியிலேயே கருவியின் முதல் வடிவத்தை எழுதினார்.

அதன் உத்தி எளிமையானது. எந்தப் பொருள் எந்தக் கோப்பைச் சார்ந்தது என்பதை 'மேக்ஃபைல்' என்னும் குறிப்பில் எழுதி வைக்கவேண்டும். கருவி ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைப் பார்க்கும். மூலம் புதியதாகவும் அதிலிருந்து ஆக்கிய பொருள் பழையதாகவும் இருப்பின் அதை மட்டும் மறுபடி ஆக்கும், மற்றவற்றைத் தொடாது. அச்சகத்தில் ஒரு மலர் உருவாகும் முறையை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். மெய்ப்புத் திருத்தியபின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத்து மாறினால் அந்தப் பக்கம் அடங்கிய பாரத்தை மட்டுமே மீண்டும் பூட்டுவர். மலர் முழுவதையும் புதிதாக அடுக்குவாரோ?

மேக்ஃபைலில் ஒரு விந்தையான விதி உண்டு. கட்டளை வரி ஒவ்வொன்றும் 'டேப்' என்னும் தாவல் இடைவெளியோடு தொடங்கவேண்டும். வெற்றிடங்களை வைத்தால் ஏற்காது. கண்ணுக்கோ இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இவ்விதி நன்றன்று என்பதை ஃபெல்ட்மன் சில வாரங்களிலேயே உணர்ந்தார். ஆயினும் அதற்குள் ஏறத்தாழ ஒரு டஜன் பேர் அக்கருவியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். அவர்களும் பெரும்பாலும் நண்பர்கள். அவர்களைத் தொல்லைப்படுத்த மனமின்றி விதியை மாற்றாது விட்டார். அந்த ஒரு டஜன் பின்னர் உலகெங்கும் பரவிய பெருங்கூட்டமாயிற்று. இன்றும் புதிதாகப் பயிலும் மாணவர் அவ்விதியால் தடுமாறுகின்றனர். தொடக்கத்தில் சிலருக்காக விட்டுக்கொடுத்த சிறு குறை தலைமுறை கடந்து நிற்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ? 2003ஆம் ஆண்டில் இக்கருவிக்காக அமெரிக்கக் கணிப்பொறியியல் கழகம் ஃபெல்ட்மனுக்கு மென்பொருள் முறைமைக்கான விருதை வழங்கிச் சிறப்பித்தது.

பொறிகள் பலவானபோது எழுந்த துன்பம்

1983ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் 'குனு' என்னும் கட்டற்ற இயக்க முறைமைத் திட்டத்தை அறிவித்தார். அத்திட்டத்தின் நிரல்கள் பல்கலைக்கழகங்களிலும் தொழில் நிலையங்களிலும் பரவின. அக்காலத்தில் யூனிக்ஸ் ஒன்றாக இல்லை. சன், ஐ.பி.எம்., எச்.பி., டிஜிட்டல் முதலிய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் யூனிக்ஸை விற்றன. ஒன்றில் உள்ள வசதி மற்றொன்றில் இல்லை. இருந்தாலும் பெயர் வேறு, நடை வேறு. தமிழொன்றே ஆயினும் கோவைப் பேச்சும் குமரிப் பேச்சும் சென்னைப் பேச்சும் வேறுபடுவது போன்ற நிலை அது.

இதனால் நிரலைப் பெற்றவர் ஒவ்வொருவரும் மேக்ஃபைலைத் திறந்து தம் பொறிக்கேற்பத் தாமே திருத்த வேண்டியிருந்தது. 1991ஆம் ஆண்டில் குனு திட்டத்தின் பல கருவிகளைப் பேணி வந்தவர் டேவிட் மெக்கன்ஸி. பயனர் தேர்ந்தெடுக்க வேண்டிய விருப்பங்கள் ஏறத்தாழ இருபது ஆயின. ஒவ்வொரு வெளியீட்டையும் பல பொறிகளில் சோதித்துப் பார்க்கும் சுமையும் அவர் தலையில் விழுந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், பொறியின் தன்மையைத் தானே ஆராய்ந்தறியும் ஒரு சிறு கட்டளைக் கோப்பை அவர் எழுதினார். அடுத்த மாதமே அது பிற கருவிகளுக்கும் பரவிற்று. ஒவ்வொன்றையும் கையால் எழுதுவதை விடுத்து, அத்தகைய கோப்புகளை ஆக்கித் தரும் கருவி ஒன்றையும் பின்னர் இயற்றினார். அதுவே 'ஆட்டோகான்ஃப்'. அதற்கு முன்னரே லாரி வால் என்பார் தம் நிரல்களுக்கு இத்தகைய வினா விடைக் கோப்பு ஒன்றை அமைத்திருந்தார் என்பதும் கருதத்தக்கது.

இக்கருவி ஆக்கும் 'கான்ஃபிகர்' என்னும் கோப்பு செய்யும் வேலையைச் சற்று விரிவாகக் காண்போம். இவ்வரலாற்றின் பிற்பகுதி இதனைச் சார்ந்தது. ஒரு பொறியில் ஒரு வசதி உண்டா என்பதை அறிய, அவ்வசதியைப் பயன்படுத்தும் நாலைந்து வரிகளாலான சோதனை நிரலை அது தானே எழுதுகிறது. அதனைத் தொகுத்துப் பார்க்கிறது. தொகுப்பு வெற்றி பெற்றால் 'வசதி உண்டு' என்றும், தோற்றால் 'வசதி இல்லை' என்றும் முடிவு செய்கிறது. தோல்வி ஏன் நேர்ந்தது என்று அது வினவுவதில்லை. அம்முடிவுக்கேற்ப மென்பொருள் ஆக்கப்படுகிறது. பொறியின் கடிகாரம் பிழையாக ஓடினால் புதியது எது பழையது எது என்று அறிய இயலாதன்றோ? ஆதலின் சூழல் தெளிவாக உள்ளதா என்றும் தொடக்கத்திலேயே ஒரு சோதனை நடைபெறும்.

இம்முறையால் விளைந்த நன்மை பெரிது. 'கான்ஃபிகர்', 'மேக்', 'மேக் இன்ஸ்டால்' என்னும் மூன்று கட்டளைகளால் உலகின் எந்த மூலையில் உள்ளவரும் நிரலை ஆக்கிக்கொள்ள முடிந்தது. ஆனால் அதற்கு விலையும் உண்டு. ஆட்டோகான்ஃப் 'எம்4' என்னும் பழைய மொழியில் எழுதப்படுவது. ஆக்கப்படும் கான்ஃபிகர் கோப்போ பல்லாயிரம் வரிகளாய் நீளும். அதனை எவரும் வரிவரியாகப் படிப்பதில்லை. நன்றாக இயங்கும் வரை யாரும் நினையார். இயங்காதபோது யாவரும் வைவர். காப்போர் தொகை குறைந்தது. 2012ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆட்டோகான்ஃப் 2.69 வெளிவந்தது. அடுத்த பதிப்பாகிய 2.70 எப்போது வந்தது? 2020ஆம் ஆண்டு டிசம்பரில்! எண்ணிறந்த மென்பொருள்களுக்கு அடித்தளமாய் நின்ற கருவி எட்டாண்டுக்கும் மேலாகப் புதிய பதிப்பின்றிக் கிடந்தது.

மாற்ற முனைந்தோரும் மாற்றம் பெற்றோரும்

அடித்தளம் பழமையுற்றால் புதியது தேடுதல் இயல்பு. 2000ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கிட்வேர் நிறுவனத்தார் 'சீமேக்' என்னும் கருவியை உருவாக்கினர். மருத்துவப் படங்களை ஆராயும் நிரல் தொகுதி ஒன்றினை யூனிக்ஸிலும் விண்டோஸிலும் ஒருங்கே ஆக்கவேண்டிய தேவையே அதன் தோற்றத்திற்குக் காரணம். 1996ஆம் ஆண்டில் தொடங்கிய கேடிஈ என்னும் மேசைத்தளத் திட்டம் பழைய முறையின் சிக்கலைத் தாங்காது சீமேக்கிற்கு மாறிற்று. அம்மாற்றத்தோடு அதன் நான்காம் பதிப்பு 2008ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. 2013ஆம் ஆண்டில் ஃபின்லாந்து நாட்டு யூசி பக்கானன் என்பார் 'மீசான்' என்னும் கருவியைத் தொடங்கினார்; க்னோம் மேசைத்தளத்தின் பல பகுதிகள் அதற்கு மாறின.

மாற்றம் எப்போதும் எளிதில் ஏற்கப்படுவதன்று. லினக்ஸ் கருநிரலின் வரலாறு இதற்குச் சான்று. அதனை ஆக்குமுன் எந்தெந்த உறுப்பு வேண்டும் என்று தேர்ந்தெடுத்தல் வேண்டும். அதற்கான பழைய முறை சிக்கலுற்றபோது, எரிக் ரேமண்ட் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளர் 2000ஆம் ஆண்டு தொடங்கிப் புதிய முறை ஒன்றனைப் பெருமுயற்சியோடு அமைத்தார். அது முழுமையான மாற்றத்தையும் பைத்தான் என்னும் புதிய மொழியையும் வேண்டிற்று. கருநிரல் எழுதுவோர் அதனை ஏற்கவில்லை. 2002ஆம் ஆண்டு அக்டோபரில் ரோமன் ஸிப்பெல் என்பார் அளித்த அடக்கமான முறையே இடம்பெற்றது; அதன் வழிவந்த முறையே பதினாயிரத்துக்கும் மேற்பட்ட விருப்பங்களை இன்று தாங்கி நிற்கிறது. அறிவு மட்டும் போதாது. உடன் உழைப்போரின் இசைவும் வேண்டும் என்பது இதனால் பெறப்படும். சங்கம் நடத்துவோர்க்கு இவ்வுண்மை புதிதன்று!

தமிழும் ஈரெழுத்தும்

இனித் தமிழுக்கு வருவோம். கட்டற்ற மென்பொருளைத் தமிழில் வழங்கும் முயற்சி இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தமிழகத்திலும் அயலிலும் தொண்டர் பலரால் மேற்கொள்ளப்பட்டது. 'கோப்பு', 'திருத்து', 'சேமி' என்று பட்டியலில் காணும் சொற்களெல்லாம் ஊதியம் கருதாது இரவில் விழித்திருந்து மொழிபெயர்த்தோரின் கொடை. ஆனால் மொழிபெயர்த்தால் மட்டும் சொல் திரையில் தோன்றிவிடுமோ?

1995ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய 'குனு கெட்டெக்ஸ்ட்' என்னும் கருவியின் முறைப்படி, ஒவ்வொரு மொழிக்கும் ஒரு மொழிபெயர்ப்புக் கோப்பு உண்டு. மென்பொருள் ஆக்கப்படும்போது அக்கோப்பும் பொறி உணரும் வடிவிற்கு மாற்றப்பட்டு உரிய இடத்தில் வைக்கப்படவேண்டும். எந்தெந்த மொழிகளை அவ்வாறு மாற்றுவது? அதனைக் கூறுவது ஆக்கக் குறிப்பில் உள்ள மொழிப் பட்டியல். முற்காலத்தில் அப்பட்டியல் கான்ஃபிகர் கோப்பின் மூலத்திலேயே ஒரு வரியாக இருந்தது. பின்னர்ப் பல திட்டங்களில் 'லிங்குவாஸ்' என்னும் தனிக் கோப்பாயிற்று. தமிழுக்கு உலகத் தர நிறுவனம் வகுத்த குறியீடு டி, ஏ என்னும் ஈரெழுத்து. அவ்வீரெழுத்து பட்டியலில் ஏறாதவரை, ஆயிரம் தொடர்களை மொழிபெயர்த்த கோப்பு அடைவில் உறங்கிக் கிடக்குமேயன்றித் திரைக்கு வாராது. மொழிபெயர்த்தவர் கண்டு வியப்பார். பயன்படுத்துவோர் 'தமிழ் இல்லை' என்று எண்ணி அகல்வர். ஒரு மொழியின் வருகைக்கும் வாராமைக்கும் இடையே இரண்டே எழுத்துகள் நிற்கின்றன!

எனவே தமிழ்த்தொண்டு சொல்லாக்கத்தோடு முடிவதில்லை. அச்சொல் ஆக்கத்தில் சேர்ந்ததா, வெளியீட்டில் வந்ததா, அடுத்த பதிப்பில் நிலைத்ததா என்று தொடர்ந்து பார்த்து நிற்பதும் தமிழ்த்தொண்டே. ஒரு திட்டம் ஆட்டோகான்ஃபை விடுத்துச் சீமேக்கிற்கோ மீசானுக்கோ மாறும்போது அப்பட்டியலும் இடம் மாறும். அவ்வேளையில் பார்த்திருப்பவர் ஒருவர் இல்லையேல் மொழி வழியில் விடுபட்டுப் போதல் கூடும்.

சென்னையும் பெங்களூரும்

இத்துறையில் நம்மவர் ஆற்றியவை சிலவற்றையும் ஈண்டுக் குறித்தல் தகும். சென்னையில் இந்திய லினக்ஸ் பயனர் குழு 1998ஆம் ஆண்டு முதல் இயங்கி வந்தது. 2007ஆம் ஆண்டில் சென்னை சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்னும் லினக்ஸ் வழங்கலை வெளியிட்டது. அது டெபியன் என்னும் பெருந்தொகுப்பின் வழி அமைந்தது. 2012ஆம் ஆண்டில் தோன்றிய 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்பிக்கும் பணியை மேற்கொண்டது.

நம் பெங்களூரின் பங்கும் சிறிதன்று. 1985ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே கால்கொண்டபின் மென்பொருள் தொழில் வளர்ந்தது. 2001ஆம் ஆண்டில் 'லினக்ஸ் பெங்களூர்' மாநாடு தொடங்கிற்று. 2005ஆம் ஆண்டு முதல் 'ஃபாஸ்.இன்' என்னும் பெயரோடு நடைபெற்று 2012ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதனை முன்னின்று நடத்தியவருள் ஒருவராகிய அதுல் சிட்னிஸ் 2013ஆம் ஆண்டில் மறைந்தார். வெறும் பேச்சோடு நில்லாது, கூடி அமர்ந்து நிரல் எழுதும் பழக்கத்தை வளர்க்க அம்மாநாடு முயன்றது. பயன்படுத்துவோராய் மட்டும் இருந்தது போதும், பங்களிப்போராதல் வேண்டும் என்பதே அதன் உட்கிடை.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான 'சக்தி' நுண்செயலித் திட்டம் இங்கே சிறப்பாக நினைக்கத்தக்கது. 'ரிஸ்க்-வி' என்னும் திறந்த கட்டளைத் தொகுதியைத் தழுவியது அது. 2018ஆம் ஆண்டில் அவ்வரிசைச் சில்லு லினக்ஸை இயக்கிற்று. ஆயினும் புதிய பொறி பிறந்துவிட்டால் மட்டும் பழைய நிரல்கள் அதில் ஓடிவிடா. ஆட்டோகான்ஃபைப் பயன்படுத்தும் மென்பொருள்களில் 'கான்ஃபிக்.சப்' என்னும் சிறு கோப்பு உண்டு. உலகில் உள்ள பொறிகளின் பெயர்ப் பட்டியல் அதில் அடங்கியுள்ளது. பட்டியலில் பெயரில்லாத பொறியைக் கண்டால், 'அறியேன்' என்று கூறி ஆக்கம் நின்றுவிடும். பழைய படியைத் தாங்கிய பொதிகளோ எண்ணில. இச்சிறு கோப்பினைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஆங்காங்கே இடும் பணியைத் தொண்டர் சலிக்காது செய்தமையாலேயே புதிய பொறிகளில் பழைய மென்பொருள் உயிர் பெறுகிறது. நம் நாட்டில் வடித்த சில்லும் எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் சேர்த்த ஒரு வரியை எதிர்நோக்கி நிற்கிறது என்றால், இப்பணியின் அருமையை வேறு எவ்வாறு விளக்குவது?

ஒரு புள்ளியின் கதை

இதுகாறும் கூறியவை பணியின் பயனைக் காட்டின. இனி, பேணுவோரைக் கைவிட்டால் விளையும் தீங்கினைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது 2024ஆம் ஆண்டில் நிகழ்ந்தது.

'எக்ஸ்இசட்' என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி. லினக்ஸ் பொறிகள் பலவற்றிலும் அது இடம்பெற்றுள்ளது. பல ஆண்டுகளாக அதனைப் பேணியவர் லாசே காலின் என்னும் ஒருவரே. 2022ஆம் ஆண்டில், வெளியீடுகள் தாமதமாகின்றன என்று சிலர் அவரை நெருக்கினர். தம் மனநலம் தளர்ந்திருப்பதையும், இஃது ஊதியமில்லாப் பணி என்பதையும் அவர் எடுத்துரைத்தார். அவ்வேளையில் 'ஜியா டான்' என்னும் பெயருடைய ஒருவர் உதவ முன்வந்தார். பணிவோடும் பொறுமையோடும் உழைத்து நம்பிக்கை பெற்றார். காலப்போக்கில் வெளியீட்டுப் பொறுப்பையும் ஏற்றார். அப்பெயர்க்குப் பின்னால் இருந்தது யார் என்பது வெளிப்படவில்லை.

2024ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் 5.6.0, 5.6.1 என்னும் பதிப்புகள் வெளிவந்தன. அவற்றுள் நஞ்சு கலந்திருந்தது. சோதனைக்கென வைத்த கோப்புகளுள் தீய நிரல் மறைக்கப்பட்டது. அதனை வெளியே எடுத்து மென்பொருளோடு சேர்க்கும் கட்டளை எங்கே இருந்தது? ஆக்கக் குறிப்பில்! எம்4 மொழியில் அமைந்த ஒரு கோப்பில், யாவரும் காணும் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுப் பொதியில் மட்டும் அது சேர்க்கப்பட்டிருந்தது. யாரும் படியாத பகுதி எது என்பதைத் தீயோன் நன்கறிந்திருந்தான்.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. சீமேக் குறிப்பில், 'லாண்ட்லாக்' என்னும் காப்பு வசதி பொறியில் உண்டா என்று சோதிக்கும் சிறு நிரல் இருந்தது. அதன் நடுவே ஒரு வரியில் ஒரே ஒரு புள்ளி வைக்கப்பட்டது. புள்ளி இலக்கணப் பிழை. ஆதலின் சோதனை நிரல் எந்நாளும் தொகுபடாது. தொகுபடாவிட்டால் 'வசதி இல்லை' என்று முடிவு செய்யப்படும் என முன்னர்க் கண்டோம் அல்லவா? தோல்வியின் காரணத்தைக் கருவி வினவாது என்பதும் கண்டோம். அவ்வாறே காப்பு ஓசையின்றி நீங்கிற்று. புள்ளி பெற்றால் மெய், பெறாவிட்டால் உயிர்மெய் என்று தமிழிலக்கணம் பயின்ற நமக்குப் புள்ளியின் ஆற்றலைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை!

இத்தீங்கு பரவுமுன் தடுத்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட். போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளத் திட்டத்தில் உழைப்பவர் அவர். தம் பொறியில் தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாகிறது என்று கண்டார். அரை வினாடிதானே என்று விடாது காரணம் தேடிச் சென்று உண்மையைக் கண்டறிந்து, மார்ச் 29ஆம் நாள் உலகிற்கு அறிவித்தார். உலகெங்கும் உள்ள சேவையகங்களுக்குள் மறைவழியே நுழையவிருந்த பகை வாயிலிலேயே தடுக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சி கற்பித்த பாடங்கள் இரண்டு. வெளியீட்டுப் பொதி எந்த மூலத்திலிருந்து எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை யாரும் மீண்டும் ஆக்கிச் சரிபார்க்க இயலவேண்டும் என்பது முதற்பாடம். டெபியன் தொண்டர்கள் 2013ஆம் ஆண்டு முதலே இதற்காக உழைத்து வருகின்றனர். ஒரே மூலத்தை யார் எங்கே ஆக்கினாலும் ஓர் எழுத்தும் மாறாது ஒரே பொருள் கிடைக்கவேண்டும் என்பது அவர்தம் குறிக்கோள். இரண்டாம் பாடம் கருவியைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது. தனியொருவர் தோளில் பெருஞ்சுமையை ஏற்றிவிட்டு, அவர் தளர்ந்தபோது வைதோமேயன்றித் துணை நின்றோமா? நல்லோர் துணை நில்லாத இடத்தில்தான் தீயோன் துணைவனாய் வந்து சேர்ந்தான்.

நாம் செய்யத்தக்கது

மர்பி டவுன் பிள்ளைகளுக்கு இவ்வரலாறு தரும் செய்தி யாது? கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்கப் பெரிய நிரல்களை இயற்றும் மேதையாதல் வேண்டும் என்று எண்ணித் தயங்க வேண்டா. வீட்டில் உள்ள பழைய கணிப்பொறியில் ஒரு மென்பொருளை மூலத்திலிருந்து ஆக்கிப் பாருங்கள். எங்கே நின்றது, என்ன பிழை காட்டிற்று என்று தெளிவாக எழுதிப் பேணுவோர்க்கு அனுப்புங்கள். குறிப்பில் ஒரு வரி பழுதாயின் திருத்தி விடுங்கள். மொழிப் பட்டியலில் தமிழ் உண்டா என்று பாருங்கள். இல்லையேல் ஏன் இல்லை என்று கேளுங்கள். படிக்கும் பருவத்திலேயே செய்யத்தக்க பணிகள் இவை. பிறர் எழுதியதைப் படித்துணர்ந்து பழுது நீக்கும் பழக்கம் பின்னாளில் தொழிலுக்கும் உறுதுணையாகும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை புதிதாக ஒன்றை உருவாக்கினான் என்றால் மகிழ்கிறோம். பழையதைப் பழுது பார்த்தான் என்றால் 'இதுதானா?' என்கிறோம். அவ்வெண்ணத்தை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். விழாவில் மேடையேறிப் பேசுவோரைப் போற்றுகிறோம். ஆண்டு முழுதும் கணக்கெழுதி, நூலகத்தைத் திறந்து பூட்டி, கிழிந்த புத்தகத்தை ஒட்டி வைக்கும் அன்பரை எத்தனை முறை நினைக்கிறோம்? அவ்வன்பர் தளருமுன் அவரருகே இன்னும் இருவர் அமர்ந்து பணியைக் கற்றுக்கொள்வார்களாயின் சங்கமும் நிலைக்கும், தமிழும் தழைக்கும். மென்பொருள் உலகம் 2024ஆம் ஆண்டில் பெருந்தீங்கின் விளிம்பில் நின்று அறிந்த உண்மையும் இதுவே.

வாழ்க தமிழ்! வளர்க தொண்டு!